எண் இட்டுப் பெயர்த்த வீடு

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை வழியாகத் தூத்துக்குடிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள பந்தல்குடி, வானம் பார்த்த கரிசல் பூமியின் நடுவே சுண்ணாம்புக்கல் வெட்டியெடுக்கப்படும் ஊராகும். இங்கு வெட்டப்படும் கல் துலுக்கப்பட்டிக்கு அருகிலுள்ள ராமசாமி ராஜா நகர் சிமெண்ட் ஆலைக்குச் செல்கிறது. அந்த ஆலை 1960களின் தொடக்கத்தில் உற்பத்தியைத் தொடங்கிய காலமும், தென்மாவட்டச் சிற்றூர்களில் ஓட்டுக் கூரையும் மரத்தூணும் திண்ணையும் கொண்ட வீடுகளுக்கு இடையே தட்டையான கான்கிரீட் தளமும் நீண்ட சன்ஷேடும் சிமெண்ட் ஜாலியும் கொண்ட புதுவகை வீடுகள் எழத் தொடங்கிய காலமும் ஏறத்தாழ ஒன்றே. அந்த வீடுகளுக்கு இப்போது ஐம்பது, அறுபது வயதாகிறது. தளத்திலிருந்து காரை உதிர்கிறது, கம்பி வெளியே தெரிகிறது, மழைக்கு ஒழுகுகிறது. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதா, அல்லது அதன் மூல வடிவம் கெடாமல் செப்பனிடுவதா என்ற கேள்வி இன்று பல குடும்பங்களின் முன்னே நிற்கிறது.

இத்தகைய வீடுகளின் பின்னே இருக்கும் கட்டடக் கொள்கையை நவீனத்துவம் என்று அழைப்பது வழக்கம். இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் ஐரோப்பாவில் உருவாகி உலகமெங்கும் பரவிய இக்கொள்கை, அலங்காரத்தைக் களைந்து, கட்டடத்தின் அழகை அதன் அளவிலும் வெளிச்சத்திலும் காற்றோட்டத்திலும் பயன்பாட்டிலும் தேடியது. சுமையைச் சுவர் தாங்காமல் கான்கிரீட் தூண்களும் உத்தரங்களும் தாங்கியதால், அறைகளை விரும்பியபடி திறந்து வைக்கவும், சுவரின் நீளம் முழுவதற்கும் சன்னல் வைக்கவும் முடிந்தது. பிரான்சில் இதன் முன்னோடியாக விளங்கிய லெ கொர்புசியே 1950களில் சண்டிகர் நகரத்தை வடிவமைக்க இந்தியாவுக்கு வந்த பின்னர், அவருடைய வழியில் பயின்ற பொறியாளர்களும் வரைவாளர்களும் நாடெங்கும் பணிபுரிந்தனர். பெயர் தெரியாத உள்ளூர்ப் பொறியாளர் ஒருவர் அருப்புக்கோட்டையில் ஒரு மருத்துவருக்கோ நூல் வியாபாரிக்கோ வரைந்து கொடுத்த வீட்டில், மேற்கு வெயிலைத் தடுக்கும் ஜாலிச் சுவரும் ஆடிக்காற்றை உள்ளே இழுக்கும் உயர்ந்த வெண்டிலேட்டரும் இருந்தால், அந்த வீடும் இந்தப் பெரிய மரபின் ஒரு கிளை என்றே கொள்ள வேண்டும்.

ஆயினும் இவ்வகை வீட்டைப் பழம்பெருமை உடையதாக யாரும் கருதுவதில்லை என்பதே அதன் முதல் துன்பம். செட்டிநாட்டு வீட்டின் தேக்குக் கதவைப் பார்த்தவர் அது காக்கப்பட வேண்டியது என்பதை உடனே உணர்கிறார். திருச்சுழியில் ரமண மகரிஷி 1879ஆம் ஆண்டில் பிறந்த வீடு சுந்தர மந்திரம் என்ற பெயரில் பேணப்படுவதன் காரணத்தை எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் வெள்ளைச் சுவரும் தட்டைத் தளமும் சிவப்புக் காவித் தரையும் கொண்ட 1965ஆம் ஆண்டு வீடு, பழையதும் ஆகாமல் புதியதும் ஆகாமல், இடைப்பட்ட வயதில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. இந்தியாவில் தொல்லியல் சின்னங்களைக் காக்கும் 1958ஆம் ஆண்டுச் சட்டம் குறைந்தது நூறாண்டு பழமையைக் கேட்கிறது. அந்த நூறை எட்டுவதற்குள் பெரும்பாலான நவீனத்துவக் கட்டடங்கள் மண்ணோடு மண்ணாகிவிடும். தில்லியில் ராஜ் ரேவால் வடிவமைப்பில் 1972ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட ஹால் ஆஃப் நேஷன்ஸ் என்னும் கண்காட்சி அரங்கம் 2017 ஏப்ரலில் இடிக்கப்பட்டபோது, அதற்கு அறுபது வயதுகூட ஆகவில்லை என்ற காரணமே அதன் பாதுகாப்புக்கு எதிராக நின்றது. நாட்டின் தலைநகரில் புகழ்பெற்ற பொதுக் கட்டடத்துக்கே அந்த நிலை என்றால், கரிசல் காட்டு ஊரிலுள்ள தனியார் வீட்டைச் சட்டம் காக்கும் என்று எதிர்பார்ப்பதற்கு இடமில்லை. காப்பதானால் வீட்டுக்காரரும் அவர் அழைத்து வரும் கொத்தனாரும்தான் காக்க வேண்டும்.

அவ்வாறு காப்பது எவ்வளவு தூரம் செல்ல முடியும் என்பதற்குத் தமிழ் வாசகருக்கு அருகிலுள்ள மிகச் சிறந்த சான்று இலங்கையில் உள்ளது. கொழும்பு ஆல்பிரட் பிளேசில் 5ஆம் எண் மனையில், ஓவியக் கலைஞரும் பின்னாளில் பத்திக் துணிக் கலையால் புகழ்பெற்றவருமான எனா டி சில்வாவுக்கும், காவல்துறைத் தலைவராக இருந்த அவருடைய கணவர் ஒஸ்மண்ட் டி சில்வாவுக்கும், கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1960 தொடங்கி 1962க்குள் ஒரு வீட்டைக் கட்டிக் கொடுத்தார். மனை 30 பேர்ச் அளவே கொண்டது. அதாவது ஏறத்தாழ 19 சென்ட். நகரத்தின் நடுவே இவ்வளவு சிறிய மனையில் பங்களா பாணியில் நடுவில் வீடும் சுற்றிலும் தோட்டமுமாகக் கட்டினால் தோட்டமும் பயன்படாது, அந்தரங்கமும் இராது என்று கண்ட பாவா, வீட்டை அப்படியே உட்புறமாகத் திருப்பினார். தெருவை நோக்கி உயர்ந்த வெற்றுச் சுவர் எழுந்தது. அதன் உள்ளே நடுமுற்றமும், அதைச் சுற்றித் தாழ்வாரங்களும், ஓரங்களில் சிறு முற்றங்களும் அமைந்தன. முற்றத்தில் மாமரம் நின்றது. அந்நாளில் இலங்கையில் இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்ததால், கண்ணாடியையும் இரும்பையும் நம்பாமல் உள்ளூர்க் கருங்கல்லும் மரமும் ஓடும் செங்கலும் கொண்டே வீடு எழுந்தது.

பழைய சிங்கள நிலக்கிழார் வீட்டின் முற்றமும் தமிழர் வீட்டின் முற்றமும் இதில் நினைவுக்கு வரலாம். ஆனால் அறைக்கும் தாழ்வாரத்துக்கும் முற்றத்துக்கும் இடையே தடுப்பில்லாமல் பார்வை ஓடிக்கொண்டே இருக்கும் அமைப்பு முழுக்க முழுக்க நவீனத்துவத்தினுடையது. வெப்ப நாடுகளின் வெயிலுக்கும் மழைக்கும் ஏற்ப நவீனத்துவத்தை மாற்றியமைத்த இந்தப் போக்குக்கு வெப்பமண்டல நவீனத்துவம் என்று பெயர் நிலைத்துவிட்டது. பாவா அதன் தலைமகனாகக் கருதப்படுகிறார். அவர் கைபட்ட கட்டடம் ஒன்று பந்தல்குடிக்காரர் பேருந்தில் போய்ப் பார்த்துவிடக்கூடிய தூரத்தில் மதுரைக் கோச்சடையில் உள்ளது. 1970களில் மதுரா கோட்ஸ் ஆலையின் அலுவலர்களுக்காக எழுந்த அந்த மன்றம் பின்னர் விடுதியாக மாறி இன்றும் இயங்குகிறது.

எனா டி சில்வா 1980களில் கொழும்பை விட்டு மாத்தளைக்கு அருகிலுள்ள அலுவிகாரைக்குக் குடிபெயர்ந்தார். 2009ஆம் ஆண்டில் அந்த வீடு அடுத்திருந்த மருத்துவமனைக்கு விற்கப்பட்டது. நகர மனையின் விலை வீட்டின் மதிப்பைவிடப் பன்மடங்கு உயர்ந்துவிட்ட காலத்தில், வீடு அங்கேயே நிற்பதற்கு வழி இல்லாமல் போயிற்று. இடிப்பு உறுதி என்றான பின்னர், பாவாவின் நினைவாக இயங்கும் அறக்கட்டளையினர் வேறொரு வழியைத் தேர்ந்தெடுத்தனர். வீட்டைப் பகுதி பகுதியாகப் பெயர்த்து, பென்தோட்டைக்கு அருகே பாவா 1948ஆம் ஆண்டில் வாங்கித் தம் வாழ்நாள் முழுவதும் செதுக்கிய லுணுகங்கை தோட்டத்துக்கு எடுத்துச் சென்று, அங்கே மீண்டும் நிறுத்துவதே அந்த வழி. கட்டடக் கலைஞர் அமிலா டி மெல் இப்பணியை முன்னின்று நடத்தினார்.

பெயர்ப்பதற்கு முன் செய்த வேலையே இதில் உற்றுநோக்கத் தக்கது. வீடு முழுவதும் அளந்து வரையப்பட்டது, ஒளிப்படம் எடுக்கப்பட்டது. தரையில் பாவிய கருங்கல் ஒவ்வொன்றுக்கும், தூணுக்கும், கதவுக்கும், சன்னலுக்கும் எண் இடப்பட்டது. எந்தக் கல் எந்தக் கல்லுக்குப் பக்கத்தில் இருந்தது, எந்தப் பக்கம் மேலே இருந்தது என்பது வரைபடத்தில் ஏறிய பின்னரே கல் அசைந்தது. ஒழுங்கற்ற வடிவமுள்ள கற்களைப் பாவிய தரையைப் பெயர்த்துவிட்டு மீண்டும் பாவுவது எவ்வளவு கடினம் என்பது அந்த வேலை தெரிந்த கொத்தனாருக்குப் புரியும். ஒரு கல்லின் இடம் தவறினால் அடுத்த பத்துக் கற்களும் பொருந்தாமல் போகும். 2016 வாக்கில் அந்த வீடு லுணுகங்கையில் மீண்டும் எழுந்து நின்றது. பழைய கதவு எண்ணையே பெயராகக் கொண்டு இன்று அது 5ஆம் எண் வீடு என்றே அழைக்கப்படுகிறது.

இதில் ஓர் உண்மையான மனக்குறையும் உண்டு. நெருக்கடியான நகரத் தெருவிலிருந்து தன்னை மறைத்துக்கொள்ளவே அந்த வீடு உட்புறமாகத் திரும்பியது. ஏரிக்கரைத் தோட்டத்தின் நடுவே நிற்கும்போது, எதற்காக இந்த உயர்ந்த சுவர் என்ற கேள்விக்கு அந்த இடத்தில் விடை இல்லை. இடத்தைப் பிரித்தால் கட்டடத்தின் காரணத்தில் ஒரு பகுதி இறந்துபோகிறது என்பதால்தான், 1964ஆம் ஆண்டில் வெனிஸ் நகரில் வகுக்கப்பட்ட மரபுக் கட்டடப் பாதுகாப்புச் சாசனம், கட்டடத்தைக் காக்க வேறு வழியே இல்லாதபோது தவிர அதை இடம் பெயர்க்கக் கூடாது என்கிறது. எனா டி சில்வா வீட்டுக்கு வேறு வழி இருக்கவில்லை. காரணத்தில் பாதியை இழந்தும் மீதியைக் காத்த செயல் என்றே அதைப் போற்ற வேண்டும். இடிந்து காணாமற்போன ஆயிரம் வீடுகளோடு ஒப்பிட்டால் அந்தப் பாதி மிகப் பெரிது.

எண் இடுவது என்ற அந்த ஒரே பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டாலே அருப்புக்கோட்டை வட்டாரத்து வீட்டுக்கும் அது பொருந்தும். வீட்டைச் செப்பனிடத் தொடங்கும்போது முதல் நாளே கொத்தனாரை அழைத்துச் சுத்தியலைக் கையில் கொடுப்பது நம் வழக்கம். அதற்கு முன் வீட்டை அளந்து வரைய வேண்டும். சன்ஷேடு எத்தனை அங்குலம் வெளியே நீள்கிறது, வெண்டிலேட்டர் தரையிலிருந்து எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது, ஜாலியின் துளை எந்தக் கோணத்தில் சாய்ந்திருக்கிறது என்பவற்றைக் குறித்துக்கொண்டால், அவை ஒவ்வொன்றும் ஏன் அப்படி உள்ளன என்ற கேள்வி தானே எழும். கேள்வி எழுந்த பின் பெரும்பாலும் விடையும் கிடைத்துவிடும். மேற்குச் சுவரில் சன்னலே இல்லாததும், படிக்கட்டின் உச்சியில் வெப்பக் காற்று வெளியேறத் துளை விட்டிருப்பதும் தற்செயல் அல்ல என்று தெரிந்துவிட்டால், அந்தத் துளையை அடைத்து அலுமினியக் கண்ணாடி போடும் எண்ணம் வராது. அலங்காரம் இல்லாத கட்டடத்தில் காக்க வேண்டியது இந்தக் காரணங்களைத்தான்.

அடுத்து வருவது நோயைக் கண்டறிவது. கான்கிரீட் வீட்டின் பெரிய நோய் கம்பி துருப்பிடிப்பது. புதிய கான்கிரீட் கடுமையான காரத்தன்மை உடையது. அந்தக் காரம் இரும்புக் கம்பியின்மேல் ஒரு மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்கித் துருவைத் தடுக்கிறது. காலப்போக்கில் காற்றிலுள்ள கரியமில வாயு கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியே உள்ளே புகுந்து, ஆண்டுக்குச் சிறிது சிறிதாகக் காரத்தைக் குறைத்துக்கொண்டே போகிறது. காரம் குறைந்த எல்லை கம்பியைத் தொட்டவுடன் காப்பு நீங்கித் துரு தொடங்குகிறது. துரு, தான் உண்ட இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால், உள்ளிருந்து நெம்பிக் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளுகிறது. கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்டின் பருமனைக் கட்டுமானத் தொழிலில் கவர் என்பார்கள். 1978ஆம் ஆண்டின் இந்தியக் கான்கிரீட் விதி தளத்துக்கு 15 மில்லிமீட்டர் கவர் போதும் என்றது. 2000ஆம் ஆண்டுத் திருத்தம் சூழலின் கடுமையைப் பொறுத்து 20 முதல் 75 மில்லிமீட்டர் வரை கேட்கிறது. பழைய வீடுகளில் விதி கேட்ட 15 கூடப் பல இடங்களில் இராது.

கரிசல் காட்டுக்கே உரிய இன்னொரு கேடு உவர்நீர். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களில் பல இடங்களில் நிலத்தடி நீர் உப்புத்தன்மை கொண்டது. அந்தக் கிணற்று நீரிலேயே கலவை போட்டு, அதையே நனைப்பதற்கும் ஊற்றிய வீடுகளில் உப்பிலுள்ள குளோரைடு முதல் நாளிலிருந்தே கம்பியின் அருகில் குடியிருக்கிறது. இத்தகைய வீட்டில் உதிர்ந்த இடத்தை மட்டும் பூசி மூடினால், பூச்சின் ஓரத்தில் அடுத்த மழைக்காலத்திலேயே புதிய வெடிப்பு தோன்றும்.

நோய் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதை அறிய எளிய இரண்டு சோதனைகள் உள்ளன. முதலாவது, சிறு சுத்தியலால் தளத்தின் அடிப்பகுதியை ஒவ்வொரு அடிக்கும் தட்டிப் பார்ப்பது. நல்ல கான்கிரீட் கணீரென்று ஒலிக்கும். உள்ளே பிரிந்துவிட்ட இடம் காலிப் பானையைத் தட்டியதுபோல் பொள்ளென்று ஒலிக்கும். அந்த இடங்களைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டால் தளத்தின் நோய்ப் படம் அரை நாளில் கிடைத்துவிடும். இரண்டாவது, பள்ளி வேதியியல் ஆய்வகத்தில் காரத்தைச் சோதிக்கப் பயன்படும் பினாஃப்தலீன் கரைசலைப் புதிதாக உடைத்த கான்கிரீட் முகத்தில் தெளிப்பது. காரம் உள்ள இடம் நொடியில் இளஞ்சிவப்பாக மாறும், காரம் இழந்த இடம் நிறமின்றியே நிற்கும். அந்த நிறக்கோடு கம்பிக்கு வெளியே இருக்கிறதா, கம்பியைத் தாண்டிவிட்டதா என்பதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். அடுத்த இருபது ஆண்டுகளுக்கு அந்தத் தளத்தை நம்பலாமா என்ற முடிவுக்கு இந்த ஒரு கோடு பெரிதும் உதவுகிறது. முடிவு சொல்வதற்குக் கட்டுமானப் பொறியாளர் தேவை. ஆனால் தளம் முழுவதும் போய்விட்டது என்று ஒருவர் சொல்வதைக் கேட்டு இடிக்கத் துணிவதற்கு முன் இந்தச் சோதனையையாவது கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

கெட்ட இடத்தில் தளர்ந்த கான்கிரீட்டைக் கம்பியின் பின்புறம் வரை கொத்தி எடுத்து, கம்பியைத் துருநீக்கி, மிகவும் மெலிந்திருந்தால் பக்கத்தில் புதுக் கம்பி சேர்த்து, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, ஒட்டும் தன்மை கூட்டிய கலவையால் நிரப்புவது வழக்கமான முறை. நவீனத்துவ வீட்டில் இதற்கு மேலும் ஒரு கவனம் வேண்டும். பூசாமல் விட்ட கான்கிரீட்டில் சென்ட்ரிங் பலகையின் வரிகள் பதிந்திருப்பதை அக்காலக் கலைஞர்கள் வேண்டுமென்றே விட்டு வைத்தார்கள். அந்த முகத்தைச் செப்பனிடும்போது, முதலில் ஒரு மூலையில் சிறு மாதிரி போட்டு, நிறமும் வரியும் பொருந்துகிறதா என்று காய்ந்த பின் பார்த்து, அதன் பிறகே மற்ற இடங்களில் கைவைக்க வேண்டும். ஒட்டுப் போட்டது கொஞ்சம் தெரிந்தாலும் குற்றமில்லை. அதை மறைப்பதற்காக வீடு முழுவதும் பட்டி பார்த்து வழவழப்பான பெயின்ட் அடிப்பதுதான் குற்றம். பொய்க்கூரை போட்டு மூடுவது அதைவிடப் பெரிய கேடு. மேலே தளம் வெடித்துக்கொண்டிருக்கும்போது கீழே இருப்பவர் கண்ணுக்கு அது தெரியாமலே போய்விடுகிறது.

கரிசல் மண் தரும் தொல்லை வேறு வகையானது. மழைக்கு ஊதி வெயிலுக்குச் சுருங்கும் இந்த மண்ணின்மேல் ஆழமில்லாத அடித்தளத்தில் நிற்கும் சுவர்களில், சன்னல் மூலையிலிருந்து சாய்வாக வெடிப்பு ஓடும். அந்த வெடிப்பு பழையதா, இன்னும் வளர்கிறதா என்று தெரியாமல் பூசுவது வீண். வெடிப்பின் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை இரு முனையிலும் கலவை வைத்து ஒட்டி, தேதி எழுதி விட்டுவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையையும் சித்திரை, வைகாசி வெயிலையும் அது கடக்க வேண்டும். கண்ணாடி உடையாமல் இருந்தால் சுவர் அடங்கிவிட்டது, பூசலாம். உடைந்தால் நோய் சுவரில் இல்லை, அடியில் இருக்கிறது. பெரும்பாலும் வீட்டை ஒட்டித் தேங்கும் மழைநீரும், உடைந்த கழிவுநீர்க் குழாயும், சுவரை ஒட்டி வளர்ந்த மரமுமே காரணமாக இருக்கும். ஓராண்டு காத்திருப்பது செலவில்லாத மருத்துவம்.

தட்டைத் தளம் ஒழுகுவது நவீனத்துவத்தின் பிறவிக் குறை என்று சொல்லலாம். பாரிசுக்கு அருகே புவாசியில் லெ கொர்புசியே 1931ஆம் ஆண்டில் முடித்த வில்லா சவோய் என்னும் உலகப் புகழ்பெற்ற வீடே மழைக்கு ஒழுகியது. வீட்டுக்காரி அம்மையார் அதைப் பற்றி அவருக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். போரில் சிதைந்து, பள்ளிக்கூடம் கட்டுவதற்காக இடிக்கப்படவிருந்த அந்த வீடு பின்னர் காப்பாற்றப்பட்டு, 1965ஆம் ஆண்டில் தேசியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 2016ஆம் ஆண்டில் சண்டிகரின் தலைமைக் கட்டடத் தொகுதியோடு சேர்த்து உலகப் பாரம்பரியச் சின்னமும் ஆயிற்று. ஒழுகியதற்காக அந்த வீட்டின்மேல் எவரும் தகரக் கூரை போடவில்லை. நம் ஊர்களிலோ, மொட்டை மாடி ஒழுகியதும் இரும்புக் குழாய் நட்டுத் தகரம் வேய்வதே முதல் தீர்வாக இருக்கிறது. வீட்டின் முகம் முழுவதையும் கெடுக்கும் தீர்வு இது. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்த்துக் கடுக்காய் நீர் தெளித்துக் கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்கி, வாட்டம் பார்த்து, மேலே தட்டோடு பதிக்கும் முறை தமிழ்நாட்டுக் கொத்தனார்களுக்குத் தெரிந்த ஒன்றுதான். பழைய தட்டோட்டைப் பெயர்த்து, வாட்டத்தைச் சரிசெய்து, மழைநீர்க் குழாயின் வாயைத் திருத்தினாலே ஒழுக்குகளில் பெரும்பகுதி நின்றுவிடும். வெயிலையும் இந்த ஓடு ஓரளவு தாங்கும்.

வெயிலைத் தாங்கும் தளத்துக்கு இந்தியாவிலேயே சிறந்த எடுத்துக்காட்டு புதுச்சேரியில் இருக்கிறது. ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா என்னும் தங்குவிடுதி, செக் நாட்டில் பிறந்து ஜப்பானில் பணிபுரிந்த அந்தோனின் ரேமண்ட் வடிவமைத்தது. ஜார்ஜ் நகாஷிமாவும் பிரான்டிசெக் சாமரும் உடனிருந்து கட்டினார்கள். 1930களின் இறுதியில் தொடங்கி 1940களில் முடிந்த இக்கட்டடம், இந்தியாவின் முதல் நவீனத்துவக் கான்கிரீட் கட்டடங்களில் ஒன்று. ஐதராபாத் சமஸ்தானத்தின் திவானாக இருந்த சர் அக்பர் ஹைதரி வழியாகக் கிடைத்த நிதியில் எழுந்ததால் இப்பெயர் பெற்றது. தளத்தின் மேலே காற்று ஓட இடைவெளி விட்டு வளைந்த கான்கிரீட் ஓடுகளை அடுக்கியிருப்பதால் சூடு கீழே இறங்குவதில்லை. சுவருக்குப் பதிலாக நீளநெடுக அமைந்த கிடைமட்டப் பலகைகளைத் திருப்பிக் காற்றை அளந்து விட்டுக்கொள்ளலாம். கீழே கருமையான கடப்பைக் கல் தரை, உள்ளே தேக்குச் சறுக்குக் கதவு, சுவரில் சிப்பிச் சுண்ணாம்பின் வழவழப்பு.

ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் கடந்தும் கோல்கொண்டா புதியதுபோல் இருப்பதற்கு எந்தப் பெரிய மறுசீரமைப்புத் திட்டமும் காரணமில்லை. அங்கே தங்கியிருப்பவர்களே அன்றாடம் துடைத்து, எண்ணெயிட்டு, தளர்ந்த திருகை அன்றே முறுக்கிப் பேணி வருகிறார்கள். கட்டடத்தைக் காப்பதில் இதற்கு ஈடான முறை வேறில்லை. சிறு பழுதை அன்றன்றே பார்த்துவிட்டால், பெரிய பழுதைப் பற்றிப் பேசவே வேண்டியிராது.

பொருளை மாற்றும்போது எவ்வளவு பார்த்துப் பார்த்து மாற்ற வேண்டும் என்பதற்குத் தரையும் ஜாலியும் போதுமான சான்று. சிவப்புக் காவித் தரை, சிமெண்டோடு காவிப்பொடி கலந்து பூசி, கரண்டியால் இழுத்து இழுத்து மெருகேற்றியது. அறுபது ஆண்டுக் காலடி பட்டு அதற்கு வரும் பளபளப்பை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. அதில் விழுந்த வெடிப்பை அதே நிறக் கலவையால் நிரப்பித் தேங்காயெண்ணெய் துடைத்து வந்தால் இன்னொரு தலைமுறை வரும். மொசைக் தரை மங்கியிருந்தால் மறுபடி இழைத்து மெருகேற்றிக்கொள்ளலாம். இந்த இரண்டின்மேலும் வழுக்கும் வெள்ளை டைல் ஒட்டுவது, வீட்டின் வயதை அழிப்பதோடு கதவுகளின் அடியையும் அறுக்க வைக்கும். உடைந்த சிமெண்ட் ஜாலிக்குச் சந்தையில் மாற்று கிடைக்கவில்லை என்றால், நல்ல நிலையிலுள்ள ஜாலி ஒன்றைக் கழற்றி, அதன் அளவில் மரச்சட்டம் செய்து, சிறு ஜல்லிக் கலவை ஊற்றிப் புதியதை வார்த்துக்கொள்ளலாம். சிமெண்ட் தூண் வார்க்கும் பட்டறைக்காரர் எவரும் செய்யக்கூடிய வேலை இது.

அடுக்களையையும் குளியலறையையும் பற்றி இவ்வளவு இறுக்கம் வேண்டியதில்லை. விறகடுப்புக்கும் மண்ணெண்ணெய் அடுப்புக்கும் வடிவமைத்த சமையலறையில் எரிவாயுவும் மின்கருவிகளும் வைத்துப் புழங்க வேண்டியவர்கள் வீட்டுப் பெண்கள். அவர்களை அருங்காட்சியகக் காவலர்களாக்கும் செப்பனிடல் நேர்மையானது அன்று. குளிரூட்டி வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளலாம். சுவரை உடைக்காமல், பின்னாளில் கழற்றினால் தடம் தெரியாதபடி, வெளிப்பெட்டி முகப்பில் தொங்காமல் வைக்க வேண்டும் என்பதே நிபந்தனை. புதிய சேர்ப்பு எதுவானாலும் மீட்டெடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்ற விதி மரபுப் பாதுகாப்பில் உலகெங்கும் ஏற்கப்பட்ட ஒன்று.

பின்னால் வந்தவர்கள் சேர்த்ததையெல்லாம் அழித்து மூல வடிவத்துக்கே திரும்புவதா என்பது சிக்கலான கேள்வி. பிரான்சின் தென்கடற்கரையில் ஐலீன் கிரே 1929ஆம் ஆண்டில் கட்டி முடித்த இ-1027 என்னும் வீட்டின் வெறுஞ்சுவர்களில், பின்னாளில் லெ கொர்புசியே அவருடைய ஒப்புதலின்றி ஓவியங்களைத் தீட்டினார். கிரே அதைத் தம் வீட்டின்மேல் செய்த வன்முறை என்றே கருதினார். அண்மையில் முடிந்த மறுசீரமைப்பில் வீடு கிரேயின் வடிவத்துக்குத் திருப்பப்பட்டபோதும் ஓவியங்கள் அழிக்கப்படவில்லை. அவையும் வரலாறாகிவிட்டன. நம் வீடுகளில் தாத்தா காலத்துத் திண்ணையை அப்பா காலத்தில் கிரில் போட்டு அடைத்திருந்தால், அந்தக் கிரில் நல்ல வேலைப்பாடு உடையதா, வீட்டின் காற்றைத் தடுக்கிறதா என்று பார்த்து முடிவெடுப்பதே முறை. எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரே விதி இதில் இல்லை.

தட்டுமுட்டுச் சாமான்களையும் வீட்டின் பகுதியாகவே கருத வேண்டும். சண்டிகரில் கட்டடக் கலைஞர் பியர் ஜானெரே வடிவமைத்த தேக்கு, பிரம்பு நாற்காலிகள் அரசு அலுவலகங்களில் உடைந்த பொருளாகக் குவிந்து கிடந்தன. வெளிநாட்டு வணிகர்கள் அவற்றை வாங்கிச் சென்று ஏலத்தில் லட்சக்கணக்கில் விற்ற பின்னரே ஊர் விழித்துக்கொண்டது. ஜானெரே குடியிருந்த 5ஆம் செக்டார் வீடு செப்பனிடப்பட்டு 2017ஆம் ஆண்டில் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது.

பந்தல்குடியிலும் அருப்புக்கோட்டையிலும் திருச்சுழியிலும் இத்தகைய வீட்டை வைத்திருப்பவர்களிடம் வேண்டிக்கொள்வது ஒன்றுதான். இடிப்பது என்று முடிவு செய்துவிட்டாலும்கூட, பொக்லைன் எந்திரம் வருவதற்கு முன், பீரோவில் சுருட்டி வைத்திருக்கும் பழைய வரைபடத்தை எடுத்து விரித்து, வீட்டின் ஒவ்வொரு அறையையும் அளந்து, நான்கு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். அந்த ஒரு வாரத்தில் மனம் மாறினால், தட்டிப் பார்க்கச் சுத்தியலோடு ஒரு பொறியாளரை அழையுங்கள்.